பெர்னார்ட் சார் குடித்தது

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும், வெட்கப்பட வேண்டிய ஆள்தான் நான்.

பெர்னார்ட் சார் விஜயநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி ஜேன் ஒரு கிளினிக்கில் நர்ஸ். நான் டேவிஸ், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகத்தைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். பிள்ளைகளைக் கூப்பிட்டால், "அங்கிள், ஓதக்கே பரல்ல" என்று கன்னடத்தில் சொல்லி நழுவிவிடுவார்கள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எங்கள் இருவரில் நன்றாக வாசிப்பவர் அவர். பதினோரு வருடம் அவர்தான் வாசித்தார். அவர் ஊரில் இல்லாத ஞாயிறு மட்டும் என் முறை. அதில் எனக்கு உள்ளூரப் புகைச்சல் உண்டு.

போன வருடம் தவக்காலத்தில் மனிதர் மாற ஆரம்பித்தார். காலையில் குரல் கரகரத்தது. கிட்டே போனால் புளித்த வாடை. ஐம்பத்து நான்கு வயது வாத்தியார் பள்ளிப் பையன் மாதிரி சூயிங்கம் மென்றார். வாரம் ஒரு வீட்டில் நடக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் முடியாததுமாக ஆறே முக்காலுக்கு எழுந்து போய்விடுவார். சாப்பாடு என்றால் கும்பிடு. கன்னம் ஒட்டிப்போயிற்று. எப்போதும் சட்டையை இன் பண்ணி பெல்ட் போட்டு மிடுக்காக வருகிறவர், பெல்ட் இல்லாமல் தொளதொள பேண்ட்டில் வந்தார். இது எல்லாவற்றுக்கும் மேல், ஒரு ஞாயிறு கோயிலுக்குப் பின்பக்கம் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என் மனைவி நிம்மி, உடம்புக்கு ஏதாவது இருக்கும், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன். கேட்டால் பதில் கிடைத்துவிடுமே! நேராக ஃபாதரிடம் போனேன். சொன்னதோடு நிறுத்தினேனா? பூசைக்கான திராட்சை ரசம் இருக்கும் அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது ஃபாதர் என்று கூடச் சேர்த்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஃபாதர் சாது. காரணத்தை எடுத்துச் சொல்லச் சங்கடப்பட்டு, தொண்டைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், டேவிஸ் வாசிக்கட்டும் என்று பெர்னார்ட் சாரிடம் சொல்லிச் சாவியையும் வாங்கிக்கொண்டார். அவரும் சரி என்று போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு கேள்வி கேட்குமா என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். அந்த நாலு பேரும் சும்மா இருக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து நிம்மியின் முழங்காலை எக்ஸ்ரே எடுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பெஞ்சில் ஜேனும் பெர்னார்ட் சாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு எண்டோஸ்கோபி முடிந்து தொண்டை மரத்துப்போயிருந்தது, பேச முடியவில்லை. ஜேன்தான் சொன்னார். வயிற்று அமிலம் மேலே ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகிவிட்டதாம். தூங்கும்போது புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து மூச்சு முட்டுமாம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லி. காபி கிடையாது; காரம், தக்காளி, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும், அதன் பிறகு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறார்களாம். வயிற்றை இறுக்கக் கூடாது என்பதால் பெல்ட் இல்லை. எச்சில் ஊறினால் எரிச்சல் அடங்கும் என்று சூயிங்கம். பையில் இருந்தது நெஞ்செரிச்சலுக்கான ரோஸ் நிற மருந்து.

நான் குடிகாரனின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருந்ததில் பாதி நோய், மீதி டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணா," என்றார் ஜேன். "ஏப்பத்துக்கும் வாடைக்கும் அவருக்கு ரொம்பக் கூச்சம்."

அது எனக்கு வசதியாகப் போயிற்று. நோயைச் சொல்ல வேண்டாம் சரி, குடிப்பதில்லை என்றாவது சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. ஃபாதரிடம் சொல்லிவிட்டீர்களா என்று நிம்மி கேட்டபோது, ஆச்சு என்று பொய் சொன்னேன். அதன் பிறகும் ஐந்து மாதம் ஞாயிறு தவறாமல் நானே வாசித்தேன். நன்றாக இருந்தது என்று ஓரிருவர் பாராட்டியபோது, மானங்கெட்டவன், சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் பெர்னார்ட் சாரே என்னைத் தேடி வந்தார். எட்டு கிலோ இளைத்திருந்தார், குரல் தெளிந்திருந்தது. சொந்த அண்ணன் மகன் கல்யாணத்தில் பிரியாணிக்கு முன்னால் தயிர்சாதக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சொன்னார்:

"மறுபடியும் வாசிக்கணும்னுதான் டேவிஸ் இவ்வளவு பத்தியம். ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

அவருக்கு ஒன்றுமே தெரியாது. தொண்டைக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

அன்றே ஃபாதரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பரப்பியது நீங்கள், பூசை முடிவில் அறிவிப்போடு நீங்களே சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் மைக் முன்னால் நின்றேன். எல்லா முகங்களையும் பார்த்ததும் காகிதத்தை மடித்துவிட்டேன். பெர்னார்ட் சார் பல மாதங்கள் கடுமையான கட்டுப்பாட்டோடு இருந்து மீண்டு வந்திருக்கிறார், அடுத்த வாரத்திலிருந்து அவர் வாசிப்பார் என்று மட்டும் சொல்லி இறங்கினேன்.

கோயிலே கை தட்டியது.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெரியவர் ஒருவர் கண் கலங்கி, "விடறது லேசுப்பட்ட காரியமா சார்? என் தம்பி அதுலயே போனான்," என்றார். எதை விட்டேன் என்று பெர்னார்ட் சார் கேட்டார். பெரியவர் கட்டைவிரலை வாய்க்கு நேரே உயர்த்திக் காட்டினார்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"குடிக்கிறாருன்னு சொன்னது நான்தான்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவரு குடிச்சது நெஞ்செரிச்சல் மருந்து. அது தெரிஞ்ச பிறகும் அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு அவரு இடத்துல வாசிச்சேன்."

ஜேன் அவர் கையைப் பிடித்து ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு அழைத்துப் போனார். நிம்மி என்னோடு வராமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டதாகச் சொன்னார், பொய்யாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்க வேண்டும் என்று கெஞ்சினேன்.

"இல்ல டேவிஸ்," என்றார். "வயித்துக்கு மாத்திரை இருக்கு. அங்க போய் நின்னா எல்லாரும் என் வாயை மோந்து பார்க்கற மாதிரியே எனக்குத் தோணும். அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது? நீங்களே வாசிங்க."

எங்கள் கோயிலில் வாசிக்க வேறு ஆள் இல்லை. அவர் ஞாயிறு தவறாமல் வருகிறார், ஜேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்கிறார். நான்தான் வாசிக்கிறேன்.