எட்டாவது பாட்டு

போன சனிக்கிழமை யான் என்ற ஊரில், பழைய ஃபேக்டரித் தோழி ரொஹானியின் மகளுக்குக் கல்யாணம். நெய்ச்சோற்று வாசம் பந்தலுக்கு வெளியிலேயே ஆளைப் பிடித்து இழுத்தது. வெட்கமில்லாமல் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஸ்பீக்கரில் ஒரு பியானோ மெதுவாகத் தொடங்கியது. பின்னாலேயே அந்த ஆண் குரல். அடிவயிற்றிலிருந்து எழும்பி உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுகொள்ளும் குரல். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பரிமாறிய அம்மா போதுமா போதுமா என்று இரண்டு முறை கேட்டார்.

எட்டாவது பாட்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எண் மறக்கவில்லை.

இதைச் சொல்ல பஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது நான் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தேன். வேலை சுங்கைப்பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில். காலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ், தோட்டத்துச் செம்மண் ரோடு பெரிய ரோட்டில் சேரும் சிம்பாங்கில் வந்து நிற்கும். அங்கே ஏறுவது இரண்டே பேர், நானும் பரமேஸ்வரியும். உள்ளே தேங்காய் எண்ணெய், பவுடர், டீசல், யாரோ பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எல்லாம் கலந்து ஒரு வாசம் இருக்கும். இன்றைக்கும் எங்காவது டீசல் வாடை வந்தால் எனக்கு நாசி லெமாக் பசி எடுக்கிறது. சிரிக்காதீர்கள்.

பஸ் ஓட்டியவர் சந்திரன். முப்பது வயதிருக்கும், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பெரிய தலைவலி பாட்டுதான். தமிழ்ப் பாட்டுப் போட்டால் முன் சீட்டு மலாய்க்காரப் பெண்கள் முணுமுணுப்பார்கள். மலாய்ப் பாட்டுப் போட்டால் நாங்கள் பின்னாலிருந்து கத்துவோம். ஒரு நாள் வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பெட்டியிலிருந்து சந்திரன் ஒரு சிடியை எடுத்து வந்தார். அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பாடகர். இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று நாலைந்து மொழிகளில் பதினாலு பாட்டு. அத்தனையும் காதல் பாட்டு என்று அட்டையைப் படித்துப் பார்த்த ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொன்னார். பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே சண்டை நின்றது. யார் மொழியும் இல்லை என்பதால் யாருக்கும் தோல்வியும் இல்லை. அன்று முதல் அந்தச் சிடிதான்.

புரியாத பாட்டில் ஒரு வசதி உண்டு. பொருளை நாமே போட்டுக்கொள்ளலாம். நான் போட்டுக்கொண்டேன்.

பஸ் எங்கள் சிம்பாங்குக்கு வரும்போதெல்லாம் அந்தப் பியானோ தொடங்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக் கணக்கில். நான் படியேறுவேன், பாடகர் குரல் ஏறும். கடையில் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும் என்று சிடியை ஒரு நாள் இரவல் கேட்டேன். சந்திரன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அதுவும் எனக்குச் சாட்சியாகிவிட்டது. வீட்டில் போட்டு எண்ணிப் பார்த்தேன், எட்டாவது பாட்டு. பதினாலு பாட்டு இருக்க, எனக்கென்று எட்டாவதைத் தேடிப் போடுகிறார்! பெருமழை பெய்து பஸ் தாமதமான நாட்களில் ஒன்பதாவது ஓடும். அது சோகமான மெட்டு. நான் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அவர் மனசு கனத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபது வயது. புத்திக்குப் பத்து இருக்கலாம். எல்லோரையும்போல் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அதைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ரொஹானியைச் சொல்ல மறந்துவிட்டேன். யானிலிருந்து வருபவள் அவள் ஒருத்திதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பிரசவ லீவில் போன அந்த இரண்டு மாதத்தில்தான் என் உலகம் கவிழ்ந்தது. பஸ் சிம்பாங்குக்கு வந்தது. எட்டாவது பாட்டு இல்லை. நாலாவது. துள்ளலான பாட்டு. மறுநாளும் நாலாவது. ஒரு வாரம் முழுக்க நாலாவது. பக்கத்தில் பரமேஸ்வரி தொடையில் தாளம் போட்டாள்.

"இந்தப் பாட்டு எவ்ளோ ஜாலியா இருக்குலா, காலையில கேட்டா தூக்கமே போயிருது," என்றாள்.

எனக்கு ராத்திரித் தூக்கமும் போனது. அங்கே ஏறுவது இரண்டே பேர், எட்டு எனக்கென்றால் நாலு அவளுக்குத்தான். பரமேஸ் என்னைவிட நிறம், என்னைவிடப் படிப்பு. அந்த மாதம் லைன் லீடர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. லைன் லீடருக்கு நீலக் கோட்டு. எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் அதுவரை அதைப் போட்டதில்லை. கிடைத்தால் அதை எப்படி இஸ்திரி போட வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள், பாவி. என்னிடம்தான் சொல்வாள்.

தோட்டத்துக் கடையில் அவள் அண்ணன் குமாரைப் பார்த்தேன். சீனி வாங்கப் போனவள் சீனியோடு திரும்பியிருக்கலாம்.

"அண்ணே, உங்க தங்கச்சி ஏறினா பஸ்ல தெனமும் ஒரே பாட்டுதான் போடறாங்க. லவ் பாட்டு. பாத்துக்குங்க," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டதே அவ்வளவுதான் என்பது எனக்கு அன்றே தெரியும்.

மறுநாள் காலை சிம்பாங்கில் குமாரும் இரண்டு கூட்டாளிகளும் நின்றார்கள். பஸ் நின்றது. நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குமார் உள்ளே ஏறி சந்திரனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என் தங்கச்சிக்கு பாட்டா போடுற?"

"என்ன பாட்டு? யாருக்குப்பா? எந்தப் பாட்டைச் சொல்றீங்க?" என்று சந்திரன் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டேதான் அடி வாங்கினார். மூக்கிலிருந்து ரத்தம் ஸ்டியரிங்கில் விழுந்தது. பரமேஸ் படியில் நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, சாமி சத்தியமா தெரியாது," என்று அழுதாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று, இரண்டு பேரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அழகுபடுத்திச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சந்திரன் அந்த வாரமே வேலையை விட்டுப் போனார். எங்கே போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். பரமேஸை அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. மூன்று மாதத்தில் பாடாங் மேஹாவில் ஒரு தூரத்து உறவுக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், குடிப்பவர். நீலக் கோட்டு சுற்றி வளைத்து எனக்கு வந்தது. வாங்கிப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்கு வந்த புது டிரைவர் ரேடியோ வைத்தார். பழைய சண்டை திரும்பவும் ஆரம்பமானது.

கல்யாணப் பந்தலுக்கு வருகிறேன். வேலை ஓய்ந்து ரொஹானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலாய்தான் பேசுவாள், நடுவில் பஸ்ஸில் பொறுக்கிய தமிழ் வந்து விழும். பாட்டைக் கேட்டாயா என்றாள். மணப்பெண் கேட்டு வாங்கிப் போட்டதாம். "இவ வயித்துல இருந்தப்போவே கேட்ட பாட்டு இது. அதான் உசுரு," என்று சிரித்தாள். பிறகு சந்திரனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நல்ல மனுஷன். யானிலேர்ந்து காலியாத்தான் வண்டியை எடுப்பாரு. நான் ஏறி உக்காந்தாத்தான் பட்டனை அமுக்குவாரு. காலி பஸ்ஸுக்கு எதுக்கு பாட்டுன்னு கேப்பாரு. அந்தப் பாட்டுப் பொட்டிக்கு நிறுத்தின இடமெல்லாம் ஞாபகம் இருக்காது. தெனமும் ஒண்ணாம் பாட்டுலேர்ந்துதான்."

"நீ லீவுல இருந்தப்போ?" என்றேன்.

"அப்போ அடுத்த ஊரு குரூண்ல ஏறுறவங்கதானே முதல் ஆளு? அங்கேர்ந்து போட்டிருப்பாரு."

யானிலிருந்து எங்கள் சிம்பாங் எட்டுப் பாட்டுத் தூரம். குரூணிலிருந்து நாலு பாட்டுத் தூரம். மழை பெய்தால் ஒரு பாட்டு அதிகம். இவ்வளவுதான் விஷயம். எனக்கும் போடவில்லை, அவளுக்கும் போடவில்லை. அந்த மனிதர் தன் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டியிருக்கிறார்.

பரமேஸையும் அழைத்ததாக ரொஹானி சொன்னாள். "நீ வர்றியான்னு கேட்டா. ஆமான்னேன். அப்போ இன்னொரு நாளைக்கு வர்றேன்னுட்டா." புறப்படும்போது விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பையில் இரண்டைக் கையில் திணித்தாள். ஒன்று எனக்கு. இன்னொன்றை அவளிடம் சேர்த்துவிடு என்றாள். ரொஹானிக்கு நடந்தது ஒன்றும் தெரியாது.

காரில் ஏறியதும் கைப்பேசியில் அந்த ஆல்பத்தைத் தேடி, ரொஹானி வீட்டு வாசலிலிருந்து ஒன்றாம் பாட்டைப் போட்டேன். பழைய சிம்பாங்குக்கு வந்தபோது ஆறாவதுதான் ஓடியது. ரோடு இப்போது அகலம், வண்டிகளும் வேகம். செம்மண் ரோடு இருந்த இடத்தில் டிராஃபிக் லைட், அதற்குப் பின்னால் தாமான் குடியிருப்பு வீடுகளின் வாசல் வளைவு. தோட்டத்தில் ஒரு மரம் மிச்சமில்லை. ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். எட்டாவது பாட்டு சரியாக அங்கே வந்து நிற்க அந்த ஓட்டை பஸ் வேண்டும், சந்திரன் அண்ணன் வேண்டும். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி அவரை அண்ணன் என்கிறேன்.

பாட்டு எட்டைத் தொட்டபோது என் வீட்டு வாசலில் இருந்தேன். அணைத்துவிட்டு இறங்கினேன். தனக்கு யாரோ பாட்டுப் போட்டதால்தான் தன் வாழ்க்கை இப்படி ஆனது என்று பரமேஸ் இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு பாட்டே இல்லை என்று அவளிடம் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். பாடாங் மேஹா இங்கிருந்து முக்கால் மணி நேரம். அவளுடைய பை காரில் முன் சீட்டிலேயே இருக்கிறது. உள்ளே மலாய்க் கல்யாணங்களில் கொடுக்கும் அவித்த முட்டை. இன்றோடு நாலு நாளாகிறது, கதவைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது.