மெஷின் மேல் போட்ட பழி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எந்த இடம் என்பது வேண்டாமே. தப்பு அந்த இடத்தினுடையது அல்ல, என்னுடையது.

அங்கே காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்கும் மெஷின் ஒன்று உண்டு. சளியில் கிருமி இருந்தால், அதன் மரபணுவை மட்டும் பிடித்து, துளியூண்டு இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். அதன் பெருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான். முந்தைய ஆளின் சளியில் ஒரு பொட்டு அடுத்தவர் குழாயில் பட்டுவிட்டால், அவருக்கும் கிருமி இருப்பதாகச் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் கையுறையை மாற்ற வேண்டும், மேசையைத் துடைக்க வேண்டும்.

எனக்கோ என் கை வேகத்தில் தலைக்கனம். மற்றவர்கள் சாயங்காலம் வரை பார்க்கிற வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றும் அப்படித்தான், ஒரே கையுறையோடு நாலு சாம்பிளை ஓட்டிவிட்டேன். அதில் ஒருவருக்குக் கிருமி மிக அதிகம். அவருக்கு அடுத்த சாம்பிள், கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்திலிருந்து இருமலோடு வந்திருந்த பெண்ணுடையது. இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. அவளுக்குக் கிருமி 'மிகக் குறைந்த அளவில் உள்ளது' என்று வந்தது.

அதிகமாக வந்த ஒன்றுக்கு அடுத்து இப்படி லேசாக ஒன்று வந்தால், திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாததா? அதற்கு முந்தின மாதம் தியாகதுருகத்துக் கடைக்காரர் ஒருவருக்கு இதே மாதிரி வந்தபோது, உடனே இரண்டாம் முறை போட்டவள்தானே நான். அவருக்கு நோய் இல்லை என்று வந்தது. இவள் விஷயத்தில் அந்தச் சந்தேகமே எனக்கு வரவில்லை. மலையிலிருந்து வந்த கூலிக்காரப் பெண், இருமுகிறாள், இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவளுடைய எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, இருமலும் எப்போதோ நின்றுவிட்டது என்றார். ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த அவளுடைய அதே பழைய சளியை எடுத்து, புதுக் கையுறை போட்டு, மேசையைத் துடைத்து, ஒழுங்காகச் செய்தேன். கிருமி இல்லை. மறுபடியும் போட்டேன். இல்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "நீயே போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாம்மா" என்றார்.

மறுநாள் அந்த ஊர் நர்ஸோடு பஸ் ஏறிப் போனேன். வீட்டுக்கு வெளியே, ஆட்டுக் கொட்டகையில் இருந்தாள் அவள். தனித் தட்டு, தனிப் பாய். முகமூடி போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், பயந்தவர்கள் காதில் அது ஏறவில்லை. குழந்தை உள்ளே மாமியார் மடியில், பாட்டிலோடு.

"உனக்கு அந்த நோயே இல்லம்மா" என்றேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ புள்ளைக்குப் பால் குடுக்கலாங்களா?"

நான் தலையாட்டியதும் உள்ளே ஓடிக் குழந்தையை வாங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தை இரண்டு முறை வாய் வைத்துப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது.

"பாலு வத்திப்போச்சு. இம்மாம் நாளா கொட்டாயில கெடந்து அழுதுக்கினு இருந்தா" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நோவு இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னாம்மா இது, எப்டி தப்பாச்சு?"

மலை ஏறும் வழியெல்லாம் உண்மையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"மெஷின்ல கோளாறுங்க."

பக்கத்திலிருந்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிற குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். "வுடுங்கக்கா. மெஷினு இன்னா பண்ணும், அதுக்கு இன்னா தெரியும்? இம்மாந்தூரம் வந்து சொன்னீங்களே, அதுவே போதும்." வறக்காப்பி போட்டுக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் அதையும் குடித்துவிட்டு இறங்கினேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சாம்பிளுக்கும் கையுறை மாற்றுகிறேன். சந்தேகம் என்றால் யாருடையதாக இருந்தாலும் திரும்பப் போடுகிறேன். அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. அன்று அவள் மன்னித்தது மெஷினைத்தான். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வதற்கு, நான் இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.