பின்பக்க டிக்கெட்

நாற்காலியில் இருப்பவர் தேதி கேட்டால் கிராப்புக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. கத்தரியை நிறுத்தாமல், பின்சுவரில் தொங்கும் காலண்டரை எதிர்க்கண்ணாடியிலேயே படித்துச் சொல்லிவிடுவார். இடம் வலம் மாறிய எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த வித்தையால் வீட்டில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. சனிக்கிழமைதோறும் தொழிலாளர் மன்றத்து மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் உறுப்பினர்களுக்கு. பின்பக்கம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசில்லை. அவரும் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து பின்பக்கத்து ஆட்கள். திரையில் எழுத்து ஓடினால் அந்த அம்மாள் அவரை இடிப்பார். "என்னங்க போட்டிருக்கு? எல்லாம் திரும்பிக் கிடக்கு." இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பார். நாள் முழுக்க அடுத்தவர் தலையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் தலை கொஞ்சம் நிமிர்வது அப்போதுதான்.

மன்றம் கைமாறியது. மைதானத்தில் குளுகுளு திரையரங்கம் எழுந்தது. ஒரு நாள் முழுக்க முடி வெட்டினாலும் இரண்டு டிக்கெட்டுக்குக் காணாது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று டிக்கெட் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பின்பக்கம் எவ்ளோ?"

"பின்பக்கம் செவுருதாண்ணே."

"செவுத்துக்கு அந்தாண்ட?"

"டாய்லெட்டு."

அதற்கும் காசு உண்டா என்று கேட்காமல் வீடு திரும்பினார். அப்புறம் பல சனிக்கிழமைகள் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு தடவ பாத்தா குடியா முழுகிடும்? கெளம்புங்க."

போனார்கள். நாற்காலி மெத்தென்றிருந்தது. பெயர் ஓடத் தொடங்கியதும் அவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மனைவி குரல் கொடுத்தார். "ஒளிப்பதிவு... படத்தொகுப்பு... ஏங்க, எழுத்து நேரா இருக்குங்க! நானே படிச்சிட்டேன்!" அந்த அம்மாள் ஒரு பெயரையும் விடவில்லை. இவர் முகம் தொங்கிப்போயிற்று. இதற்கா இவ்வளவு காசு என்று வயிறெரிந்தது.

அடுத்து அவருடைய அபிமானக் கதாநாயகன் வந்தான். வகிடு இடப்பக்கம் இருந்தது. அந்த வகிடு வேண்டுமென்று வந்த அத்தனை பேருக்கும் இத்தனை வருஷமாக வலப்பக்கம் எடுத்துவிட்டவர் இவர். எழுந்தே விட்டார்.

"தம்பி, படத்தத் திருப்பிப் போட்டிருக்கீங்க!"

டார்ச்சோடு வந்த ஊழியர், "இதுதான் சார் நேர்ப்பக்கம். உக்காருங்க," என்றார். சுற்றிலும் உச்சுக்கொட்டினார்கள். உட்கார்ந்தார்.

"படம் புடிக்கலையா?" என்று இடைவேளையில் மனைவி கேட்டார்.

"படத்துக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இங்க ஒரு வேலையும் இல்ல."

விளக்குகள் அணைந்தன. திரை இருண்டு, நடுவில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முழுசாக வருவதற்குள் அந்த அம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, அவருடைய சட்டைப் பைக்குள் போட்டார்.