மூன்று லமினேட் கடிதங்களும் ஜேர்மனிப் படிப்பும்

சூடான பிளாஸ்டிக் மணம்... வேலணையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. லமினேட் மெஷினுக்குள் இருந்து மூன்று கடிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கை சுடச் சுட வாங்கி, சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு சரவணையில் இருக்கும் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன்.

மகள் கம்பஸ் படிப்பு முடித்திருந்த நேரம். நிலத்தடி நீரைப் பற்றி மேலே படிக்க ஜேர்மனிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அங்கே ஆங்கிலத்திலேயே படிக்கலாமாம். பல இடங்களில் படிப்புக்கென்று காசும் வாங்குவதில்லையாம். ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம்...

சிபாரிசு என்றதும் மிச்சத்தை நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்த பாடம்!

ஓ.எல். சோதனையை மூன்று தரம் எடுத்தவன் நான். எனக்குத் தண்ணீர் பவுசர் வண்டி ஓட்டும் வேலை கிடைத்ததே ஒரு பெரியவரின் கடிதத்தால்தான். அவர் வீட்டு விறாந்தையில் ஏழு நாள் நின்று வாங்கியது.

ஆகவே லீவு போட்டுவிட்டு சமாதான நீதவான், கோயில் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் என்று மூன்று வாசல் ஏறி இறங்கினேன்.

மகள் மூன்றையும் வாசித்தாள்.

"அப்பா, இதிலை முழுக்க உங்களைப் பற்றித்தானே எழுதிக் கிடக்கு. ஒழுக்கமானவராம், ஊருக்கு உழைக்கிறவராம்... நீங்களே ஜேர்மனிக்குப் போயிட்டு வாங்கோவன்."

குசினிக்குள் இருந்து மனைவி: "போகட்டும் பிள்ளை. அங்கையும் ஓ.எல். இருந்தால் நாலாம் தரமும் எடுக்கலாம்."

மகள் தன் விரிவுரையாளரிடம் ஏற்கெனவே கடிதம் வாங்கியிருந்தாள். நெடுந்தீவு வெயிலில் இவளோடு கிணறு கிணறாகத் தண்ணீரின் உப்பை அளந்து திரிந்த இளம் பெண் அவர். எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... கடைசியில் ஒரு இடம்.

'ஒருமுறை இவருடைய அளவுகள் பிழையாகிவிட்டன. நான் கவனிக்கவில்லை. இவரே வந்து சொல்லிவிட்டு, திரும்பவும் போய் எல்லாக் கிணறுகளையும் அளந்தார்.'

எனக்குப் பதறிவிட்டது.

"பிழைவிட்டதையெல்லோ எழுதியிருக்கிறா! அதை வெட்டச் சொல்லு பிள்ளை."

"ஏலாது அப்பா. அது நடந்தது."

"அப்ப என்ரை மூண்டையும் சேர்த்து அனுப்பு."

"அதுவும் ஏலாது."

இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. இது சரிவராவிட்டால் கொழும்பில் ஒரு கோல் சென்டர் வேலைக்குப் போவதாக இருந்தாள். அதோடு கிணறுமில்லை, படிப்புமில்லை. எல்லாம் அந்த ஒரு பந்தியால் கெடப்போகிறது என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பிறகு வீடியோவில் நேர்முகம். அங்கே ஒரு பேராசிரியை. நான் குசினிக்குள் நின்று காது கொடுத்தேன். ஆங்கிலம் விளங்கவில்லை. நடுவில் இரண்டு பேரும் சிரித்தது மட்டும் கேட்டது...

"என்ன பிள்ளை கேட்டவ?"

"அந்தப் பிழைவிட்ட கதையைத்தான் அப்பா. முக்கால்வாசி நேரமும் அதுதான். எப்பிடிக் கண்டுபிடிச்சனீர், ஏன் மறைக்கேல்லை எண்டு..."

இடம் கிடைத்தது.

இப்போது அங்கே இரண்டாம் வருடம். பேராசிரியையை மாணவர்கள் அவருடைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அவர் சொல்வது பிழையென்றால் வகுப்பிலேயே சொல்லலாமாம். கேட்கக் கேட்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஆருடைய ஆள் என்றுதான் கேட்டார்கள். என் பிள்ளையிடம் அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஊர் இன்னும் கேட்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, என்ரை மகளும் அங்கை போகத்தான் நிக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கோ, ஆரைப் பிடிச்சனீங்கள்?"

"சத்தியமா ஒருத்தரையும் பிடிக்கேல்லை. பிள்ளைக்குப் படிப்பிச்ச ஆளிட்டை ஒரு கடிதம் கேளுங்கோ, அது காணும்."

"சொல்ல விருப்பமில்லை எண்டால் விடுங்கோ..."

கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடத்தில் நான் இருந்திருந்தால், நானும் நம்பியிருக்க மாட்டேன்.