அன்னக்கொடியின் சன்னல்

எங்கள் சந்தில் அன்னக்கொடி அளவுக்குச் சுத்தமாகத் தறி நெய்தவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. செல்லூரில் தறிக்கா பஞ்சம்? ஆனால் அவள் பிறந்த வீட்டில் தறியே கிடையாது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்திக் காட்டில் வளர்ந்தவள், உக்கிரபாண்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகுதான் தறி மிதிக்கப் பழகினாள். நூல் கொடுக்கும் முதலாளி, நுணுக்கமான சேலை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இருக்காதா பின்னே?

நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். பாக்கியம் டீச்சர் என்றால் சந்தில் எல்லோருக்கும் தெரியும், வாய் கொஞ்சம் நீளம் என்பதும் தெரியும்.

அவளுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கப்போட்டு நெய்வது. அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த முடியாது. தறிக்கு நேரே தெருவைப் பார்த்து ஒரு சன்னல். அந்த வீட்டுக்கு வெளிச்சம் என்று வந்தால் அது வழியாகத்தான் வரவேண்டும். நெய்யும்போது ஒரு இழை அறுந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். படாமல் போனால் சேலை நெடுக ஒரு கோடு விழும், முதலாளி அதை மூஞ்சியில் எறிவார்.

எண்பத்தொன்றிலோ என்னவோ, எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டி வாடகைக்கு விட்டார். வந்தவன் வெள்ளைத்துரை, அலங்காநல்லூர்க்காரன், பஸ் கண்டக்டர், கல்யாணம் ஆகாதவன். டூட்டி இல்லாத நேரம் மாடிச் சன்னலோரம் கட்டிலைப் போட்டுப் பேப்பர் படிப்பான். உக்கிரபாண்டிக்கு மில்லில் ஷிப்டு வேலை. ஒரு நாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தவன், வாசலில் நின்று மேலே பார்த்தான், பிறகு தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தான். உள்ளே போய்க் கதவுகளை அறைந்து சாத்தினான். அன்றோடு சன்னல் சாத்தியது சாத்தியதுதான்.

சன்னலின் கீழ்ப்பாதிக் கதவை மட்டும் சாத்தினால் போதாதா என்று அன்னக்கொடியிடம் கேட்டேன். எதிராளி சமதரையில் இருந்தால் போதும் என்றாள். மாடியிலிருந்து பார்ப்பவனுக்கு மேல்பாதிதான் வழி, வெளிச்சத்துக்கும் அதுதான் வழி.

அடுத்த சேலையிலேயே கோடு விழுந்தது. முதலாளி எறியவில்லை, "என்னம்மா, கண்ணு மங்கிப்போச்சா?" என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லும்போதே அன்னக்கொடிக்குக் குரல் இறங்கிவிட்டது. சன்னல் திறக்காவிட்டால் தறி கையை விட்டுப் போகும், அவ்வளவுதான் கணக்கு.

அன்று என் முன்னாலேயே புருஷனிடம் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, காலையில தெருவுல பாவு போடுறப்ப அம்புட்டு ஆம்பளைகளும் பாக்கத்தான செய்யிறாக? நீங்களுந்தான கூட நிக்கிறீக?"

"அது தெரு, இது வீடு" என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்து முழுக்கப் பாவு நூலை நீட்டிக் கட்டி, ஆணும் பெண்ணும் தோளோடு தோள் உரச நின்று கஞ்சி தடவுகிற ஊர் இது. அங்கே போகாத மானம் சன்னல் வழியாகப் போகிறதாம்!

அவள் சண்டை போடவில்லை. வழி தேடினாள். பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள், காற்றில் பறந்து வந்து தறியில் சிக்கியது. சாக்கைத் தொங்கவிட்டாள், இருட்டும் ஆயிற்று, சணல் தூசி பாவிலும் உதிர்ந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை நானும் அவளும் கல்பாலத்துப் பக்கம் மூங்கில் தட்டி விற்கிற இடத்துக்குப் போனோம். ஒவ்வொரு தட்டியாக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "டீச்சர், அங்கிட்டுப் போயி நில்லுங்க. நான் தெரியிறேனா?" என்பாள். பட்டைக் குச்சி இருட்டாக இருந்தது. நெருக்கம் இல்லாததில் மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது.

தட்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தட்டி வாங்க வந்தீகளா, கண்ணாமூச்சி விளையாட வந்தீகளா?" என்றார்.

கிடைத்தது ஒன்று. ஈர்க்கு மாதிரி மெல்லிய குச்சி, இடையில் நூல் அளவு சந்து. அதைப் பிடித்து நின்றபோது எனக்கு அவள் தெரியவில்லை, தட்டிக்குப் பின்னால் நின்ற அவளால் தன் கைரேகையை எண்ண முடிந்தது. அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

சன்னலில் மாட்டியாயிற்று. விளக்கு வைக்கிற நேரம் மட்டும் மரக்கதவைச் சாத்திவிடுவாள், உள்ளே பல்பு எரிந்தால் வெளியே தெரியும் என்று. உக்கிரபாண்டிக்கு அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஒரு பகலில் நேரே எதிர்மாடிக்கே ஏறிவிட்டான். "மாப்ள, உன் சன்னல்ல கொஞ்ச நேரம் நின்னு பாத்துக்கிறேன்" என்றானாம். வெள்ளைத்துரை பாவம், விஷயம் புரிந்து கூசிப்போய், "அண்ணே, வேணும்னா கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிறேன்" என்று சொல்லி ஒதுங்கி நின்றிருக்கிறான்.

உக்கிரபாண்டி அங்கிருந்து கத்தினான்: "கையை ஆட்டு!"

அவள் ஆட்டினாள்.

"ஆட்டுறியா?"

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

சந்தே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். விவகாரம் அதோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் சோறு போடும்போது அன்னக்கொடி வெள்ளந்தியாக ஒன்று சொல்லிவிட்டாள்.

"நீங்க அங்கன நின்னு பீடி பத்த வச்சீகள்ல? மொத குச்சி அணைஞ்சு போச்சு, ரெண்டாவதுதான் பத்துச்சு. அம்புட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு."

அவன் பிசைந்த கையை எடுத்துவிட்டான்.

"அப்ப, அவன் என்ன செய்யிறான்னு நெதமும் உனக்குத் தெரியும்."

"என்னங்க பேசுறீக?"

"அவனுக்கு நீ தெரியமாட்ட. உனக்கு அவன் தெரியிறான். நீ யாரைப் பாக்குறேன்னு எவனுக்குத் தெரியும்?"

மறுநாள் தட்டி இல்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து சன்னலையே செங்கல் வைத்து அடைத்துவிட்டான். நான் போய்க் கத்தினேன். "டீச்சர், உங்க வேலையைப் பாருங்க" என்றான். அவள் தறிக்குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத்துரை அந்த மாதமே மாடியைக் காலி செய்தான். இனியாவது செங்கலை எடுங்கள் என்று கேட்டதற்கு, "இன்னொருத்தன் வருவான்ல" என்று பதில் வந்தது.

பல்பு வெளிச்சத்தில் நெய்து பார்த்தாள். பாதி நேரம் கரண்டு இருக்காது. இருந்தாலும் அவள் நிழலே பாவின் மேல் விழும். கோடு விழுந்த சேலைகள் திரும்பித் திரும்பி வந்தன. முதலாளி நல்ல மனிதர், திட்டாமலேயே நூல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். குழியில் விறகு அடுக்கினார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் மில்லில் ஆட்குறைப்பு. உக்கிரபாண்டிக்கு வேலை போயிற்று. யாரைச் சட்டை செய்யாவிட்டாலும் வயிற்றைச் சட்டை செய்துதானே ஆக வேண்டும்? அவனே அவளைக் கூட்டிக்கொண்டு போய், தெருமுனை விசைத்தறி ஷெட்டில் வேலை கேட்டான். அறுந்த இழை பிணைக்கிற வேலை. முப்பது ஆம்பளைகள் ஓட்டுகிற ஷெட்டு. இழை பிணைக்கிறவள் வெளிச்சத்தில் இருக்க வேண்டுமென்று, கம்பி மட்டும் போட்ட பெரிய தெருச் சன்னலுக்குக் கீழே அவளை உட்காரவைத்தார்கள்.

பள்ளிக்கூடம் போகிற வழி எனக்கு அதுதான். முதல் நாள் காலையில் உக்கிரபாண்டி எதிர்க்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பால்காரன், ரிக்சாக்காரன், போகிற வருகிறவர்கள் எல்லோரும் சன்னலைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அவன் பார்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது, ஆனால் திட்ட முடியவில்லை.

சன்னல் கம்பியைப் பிடித்து, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அன்னக்கொடி, சாப்பிட்டியாத்தா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பேச்சுக் குடுக்காதீக டீச்சர். அழுதுருவேன். அழுதா இழை தெரியாது."