வெறுங்குடத்தோடு தண்ணீர் இறைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறார் அம்மா. அப்படி எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. அண்ணனே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் மூன்றாவது அறையில், அதாவது காம்பராவில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பன்னிரண்டு வயதிலேயே, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்தார். மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டினார், மூட்டை சுமந்தார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பாட்டு வராது, ஆனால் பாடாமல் இருக்க மாட்டார். மீசைக்கு அவர் தடவிய எண்ணெயில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தாளித்திருக்கலாம்.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாக் கிணற்றில் பம்பு வைத்தபோது, சக்கரம் சுற்ற உடம்புள்ள ஆள் வேண்டும் என்று அண்ணனை எடுத்தார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தண்ணீர் குழாய் வழியே பங்களாவுக்கு ஏறும். போகிற வழியில் எங்கள் லயத்துக்கும் ஒரு கிளைக்குழாய் இருந்தது. அது சும்மா வந்ததில்லை. முந்தைய வருடம் ஓடைத் தண்ணீரைக் குடித்து லயத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எங்கள் தங்கச்சி அதில்தான் போனாள். அதற்குப் பிறகு வைத்த குழாய்.

பம்போடு சேர்த்து ஒரு மூடிய இரும்புக்குடம் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் வெட்டி வெட்டிப் போகாமல் ஒரே சீராகப் போக வைப்பது அதுதான். எப்படி என்று பொருத்திவிட்டுப் போனவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. பம்பைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, குடத்துக்கு நூல் சுற்றினோம். அம்மா குடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, இது வெறுங்குடமால்ல இருக்கு? பூசையில வெறுங்குடத்த வைக்கலாமா?"

அண்ணன் உச்சியிலிருந்த திருகாணியைக் கழற்றினார். நான் செம்பு செம்பாக ஊற்றினேன். கழுத்து வரை நிரப்பி, முறுக்கி மூடி, கற்பூரம் காட்டினோம். அத்தனை லட்சணமான பம்பு ஊவா மாகாணத்திலேயே இருந்திருக்காது.

மறுநாள் சக்கரம் சுற்றியதும் குழாய் டக் டக்கென்று அடித்தது. பங்களாவில் தண்ணீர் துப்பித் துப்பி வந்தது. துரை சவர நுரையோடு வாசலில் வந்து நின்றாராம். ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை இறங்கி வந்தார்.

"லயத்துக் கொழாய்தான் தண்ணிய இழுக்குது. தொரை மூடச் சொல்லிட்டாரு."

"அப்ப நாங்க எங்க போறது, ஐயா?"

"ஏன், ஓடை வத்திப்போச்சா?"

அண்ணன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "அந்த ஓடைத் தண்ணிய நீங்க ஒரு செம்பு குடிங்க. குடிச்சிட்டு வந்து சொல்லுங்க, நானே மூடுறேன்."

"வாய் நீளுது. சக்கரத்துக்கு வேற ஆள் இல்லன்னு நெனச்சியா?"

"இருப்பாங்க. அவங்களுக்கும் இப்புடித்தான் அடிக்கும்."

கணக்கப்பிள்ளை சாயங்காலம் வரை தவணை கொடுத்தார். அண்ணன் செய்த முதல் வேலை, லயத்துக் குழாயைத் தானே அடைத்தது. லயமே அவரைத் திட்டியது.

"மீச மட்டும்தான் பெருசு போல" என்றேன் நான்.

"வாய மூடிட்டு சக்கரத்த சுத்துடா."

சுற்றினேன். குழாயை அடைத்த பிறகும் டக் டக் நிற்கவில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? லயத்துக் கொழாய் ஒண்ணும் பண்ணல."

குழாயைத் திறந்துவிட்டு வந்து, ஸ்பானரால் இரும்புக்குடத்தைத் தட்டினார். முன்பெல்லாம் கணீர் என்னும். இப்போது பூசணிக்காயைத் தட்டியது போலிருந்தது.

"வயிறு முட்ட ஊத்திட்டோம்டா. தண்ணி அமுங்காது, காத்துதான் அமுங்கிக் குடுக்கும். அதுக்கு எடமே இல்ல."

அம்மா குறுக்கே வந்து நின்றார். "பூசை வச்ச நெறகுடம். அதக் காலி பண்ணுனா வீட்டுக்கு ஆகாது."

"ஓடைக்குப் போனா மட்டும் ஆகுமாம்மா? தங்கச்சிய நெனச்சுப் பாரு."

அம்மா நகர்ந்துகொண்டார். அண்ணன் மேல் திருகாணியையும் அடியிலிருந்த திருகையும் திறந்தார். குடத்துத் தண்ணீர் முழுக்க ஓடி முடிந்ததும் இரண்டையும் இறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். சத்தம் இல்லை. மேலே பங்களாவிலும் கீழே லயத்திலும் தண்ணீர் நூல் பிடித்ததுபோல வந்தது.

கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் "நாந்தான்" என்றார் அண்ணன். மறுநாள் காலைப் பெரட்டில் துரை உட்பட எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். அண்ணன் மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு போனார்.

"குடத்துல தண்ணி ஊத்தி அடைச்சது நான். லயத்துக் கொழாய் மேல ஒரு குத்தமும் இல்ல. இத தொரையும் கேட்டுக்கிட்டாரு, கணக்கப்பிள்ளை ஐயாவும் கேட்டுக்கிட்டாரு. இனிமே அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

இதில் மன்னிப்பு எங்கே இருந்தது என்று கணக்கப்பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். குழாய் தப்பியது.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் குடத்தைக் காலி செய்து, காற்று நிறைந்ததும் மூடுவார். ஊற்றாவிட்டாலும் உள்ளே தண்ணீர் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடும் என்று கண்டுகொண்டிருந்தார். பூசையன்று குடத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

போன ஐப்பசி மழையில் சளிக்காய்ச்சல் பிடித்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டு போனோம். வழியெல்லாம் பாடினார், மாடுகள் வேகமாக நடந்தன. பத்து நாள் இருந்தும் சரிவரவில்லை. காம்பராவுக்கே போகணும் என்று பிடிவாதம் பிடித்தார். திரும்பி வந்த நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சக்கரம் யாரு கையில?"

"எங்கையில."

"நீயா? அப்ப தொரை குளிச்ச மாதிரிதான்."

அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வண்டி கொடுத்த பதுளைக் கடைவீதி பாய்க்கும், ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டியவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. மாலையோடு வந்த கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி. "அவன்தான் போயிட்டானே, இனி அந்தக் கொழாய் எதுக்கு?" என்று அவர் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குத் தனியாக ஒரு நன்றி. அழுதுகொண்டிருந்தவன் அதைக் கேட்டுத்தான் எழுந்து சக்கரத்துக்குப் போனேன். லயத்து ஆட்கள் பின்னாலேயே வந்து கை மாற்றிச் சுற்றினார்கள்.

அண்ணனைக் குளிப்பாட்டிய தண்ணீர் அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது. வெட்டாமல், துப்பாமல், ஒரே சீராக வந்தது. இன்றைக்கும் வருகிறது. மூட வருகிறவர் எங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தம்பி