ஆர்லோ சொன்ன சாட்சி

பன்றி ஆலையில் ஆர்லோ டெய்கன் எனக்கு நேர் எதிரே நின்று வேலை பார்த்தான். கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் பன்றியின் வயிற்றை அவன் ஒரே இழுப்பில் கிழிப்பான். குடலை நான் வாரித் தொட்டியில் போடுவேன். அந்த இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. பிறவியிலேயே காது கேளாத ஆர்லோவுக்கு அயோவாவில் அதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது.

அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. காது கேளாதவர்களுக்கான பள்ளி மாநிலத்தின் மறுகோடியில் இருந்தது. அப்பாவுக்கோ சோளக்காட்டில் ஆள் வேண்டியிருந்தது. எழுத்தும் தெரியாது, மற்ற காது கேளாதவர்கள் பேசும் சைகை மொழியும் தெரியாது. சின்ன வயதில் அவனும் தங்கை மார்லிஸும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவன் மொழி. முன்பல் இடைவெளியைத் தொட்டால் மார்லிஸ். லாரி ஹாரன் கயிற்றை இழுப்பதுபோல் காட்டினால் அவள் புருஷன் டுவேய்ன் ஸ்ட்ரோ. சாப்பாட்டு அறையில் அவனோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் பழகிக்கொண்டேன். பசி, கத்தி மொட்டை, மேஸ்திரி மடையன். அதற்கு மேல் எனக்கு ஓடாது.

டுவேய்ன் பன்றி லாரி ஓட்டுபவன். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். ஒருமுறை மார்லிஸ் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். அன்றைக்கு ஆர்லோ ஆலை வாசலிலேயே டுவேய்னைப் பிடித்து, அவன் தலையை லாரிக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான். பல் தெறித்து விழுந்ததை நானே பார்த்தேன்.

ஷெரிஃப் ஆட்கள் வந்தார்கள். டுவேய்ன் ரத்தத்தைத் துப்பித் துப்பித் தன் கதையைச் சொன்னான். ஆர்லோவும் சொல்வதற்காகக் கையைத் தூக்கினான். அடிக்க வருகிறான் என்று நினைத்து மேலே விழுந்து அமுக்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள்.

"ஐயா, முன்னாடி வச்சு மாட்டுங்க. கை இருந்தாத்தான் அவன் பேச முடியும்" என்றேன்.

"ஊமைக்கு என்னய்யா பேச்சு? நீ போய் உன் வேலையப் பாரு."

டுவேய்ன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவனால் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது என்பது அன்றைக்கு அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த அறுவடைக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்லிஸ் அவள் வீட்டுச் சமையலறையில் செத்துக் கிடந்தாள். டயரில் காற்று இருக்கிறதா என்று லாரிக்காரர்கள் தட்டிப் பார்க்கும் கட்டை ஒன்று இருக்கும், அதைக் கொண்டு அடிக்கப்பட்டிருந்தாள். முகத்தில் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்தில் ஆர்லோ முழங்கால் நொறுங்கி, உடம்பெல்லாம் அவள் ரத்தத்தோடு கிடந்தான். ஷெரிஃபுக்கு போன் போட்டதே டுவேய்ன்தான். "பைத்தியம் பிடிச்சு அவளக் கொன்னுட்டான். கட்டையப் பிடுங்கி நான்தான் அவன் காலை ஒடிச்சேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஆர்லோவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டு வைத்தார்கள். அவன் கத்தினான். அந்தக் கத்தல் மாடிவரை கேட்டதாக நர்ஸ் சொன்னாள். பிறகு மாநிலப் போலீஸ் டுவேய்னின் பூட்ஸையும் சட்டைக் கையையும் சோதித்தது. அதில் தெறித்திருந்த ரத்தம் அவன் சொன்ன கதைக்குப் பொருந்தவில்லை. டுவேய்னைப் பிடித்து, ஆர்லோவை விட்டார்கள். கண்ணால் பார்த்த சாட்சி ஆர்லோ ஒருவன்தான். அவன் மொழி தெரிந்த ஒரே ஆளோ மண்ணுக்குள் இருந்தாள்.

முதல் விசாரணைக்குத் தலைநகரிலிருந்து சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் எதைக் கேட்டாலும் ஆர்லோ தலையாட்டினான். காது கேட்கிறவர்களிடம் தலையாட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது அவன் பழக்கம். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து நின்று, "மன்னிக்கணும் ஐயா. நான் பேசறது இவருக்குப் புரியல, இவர் பேசறது எனக்குப் புரியல" என்றார்.

டுவேய்னின் வக்கீல் பெக் துள்ளிக் குதித்தார். "சத்தியம்னா என்னன்னே தெரியாத ஆளு. இவரு சாட்சியே இல்ல, அனுப்பிடுங்க."

நீதிபதி வூர்ஹீஸ் கண்ணாடியைக் கழற்றினார். "தன்னால சொல்ல முடியலன்னு அவர் சொன்னாரா பெக்? நமக்கு வாங்கத் தெரியல. வாங்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் ரெனாட்டா வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. ஆர்லோவைப்போல் பள்ளிக்கூடம் போகாதவர்களின் சைகையைப் பிடித்து, அதைச் சைகை மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று நீதிபதி உத்தரவு. அதனால் எங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பன்றி, பனி, அப்பாவின் டிராக்டர் என்று அவனைப் பேசவிட்டாள். மார்லிஸ் செத்ததிலிருந்து யாருடனும் பேசாதவன் அல்லவா? ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அவளோடு வந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் ரெனாட்டா என்னிடம், "உங்க மேஸ்திரியப் பத்தி இவர் சொல்றத அப்படியே கோர்ட்டுல சொன்னா என்னையும் சேர்த்து உள்ள போட்டுடுவாங்க" என்றாள்.

வழக்கு பனிக்காலத்தில் நடந்தது. ரெனாட்டாவை ஆர்லோவுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அவன் பார்வை டுவேய்ன் மேல் படாதபடி மேஜைகளை நகர்த்தினார்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தாமல் திரை போட்டார்கள். கண் சோர்ந்தால் ஓய்வு. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அவன் கைகளைப் பதிவு செய்ய ஒரு கேமரா. ஆர்லோ ரெனாட்டாவிடம் சொல்வான். அவள் மொழிபெயர்ப்பாளரிடம் சைகையில் சொல்வாள். அவர் வாயால் சொல்வார். "நான்" என்றுதான் சொல்வார்.

"நான் பின்கதவு வழியா வந்தேன். டுவேய்ன் அவ முடியைப் பிடிச்சு அடுப்புல இடிச்சான். நான் போனேன். கட்டையால என் முட்டியில அடிச்சான். எலும்பு உடைஞ்சுது. விழுந்தேன். அப்புறம் அவளை."

அதற்கப்புறம் ஜூரியில் யாரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை. ஆர்லோவின் கை மேலே போய் இறங்கியது. திரும்பவும் மேலே போய் இறங்கியது. தாடை எங்கே உடைந்தது, கண் எப்படிப் போனது என்று தன் முகத்திலேயே காட்டினான். முன் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லோ நிறுத்தவில்லை. அடிகள் முடிந்ததும் டுவேய்னாக மாறினான்: இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து, விலங்கு மாட்டியவன்போல் நின்று சிரித்துக் காட்டினான். உன் கையைத்தான் கட்டுவார்கள் என்று டுவேய்ன் அவனிடம் காட்டியது அது.

பெக் எழுந்தார். "உங்களுக்கு டுவேய்ன் மேல ஆத்திரம். அவன் பல்லை உடைச்சவர் நீங்க. கோபம் வந்தா உங்களுக்குக் கண்ணு தெரியாது. தங்கச்சிய அடிச்சது நீங்கதானே?"

கேள்வி கை மாறிக் கை மாறி ஆர்லோவிடம் போய்ச் சேர்ந்தது. அவன் எழுந்தான். கூண்டுத் தடுப்பு அவன் மோதலில் பிய்ந்தது. நொண்டிக் காலோடு பெக்கை நோக்கிப் பாய்ந்தவனை இரண்டு காவலர்கள் பிடித்து, வழக்கம்போல் மணிக்கட்டை முறுக்கிப் பின்னால் வளைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கத்தினானே, அந்தக் கத்தல்தான் இருக்கும். சுவரெல்லாம் அதிர்ந்தது.

"கையை விடுங்கய்யா!" நீதிபதி எழுந்துவிட்டார்.

"ஐயா, அடிச்சிடுவான்!"

"இடுப்பப் பிடிச்சுக்குங்க. கையை விடுங்க. சாட்சி பதில் சொல்லிட்டிருக்கார்."

விட்டார்கள். இரண்டு பேர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்க, ஆர்லோ மூச்சிரைத்தபடி பதில் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் அதை வாயால் சொன்னார்.

"கால் நல்லா இருந்திருந்தா டுவேய்னைப் பன்றி மாதிரி கிழிச்சிருப்பேன். அவளை நான் அடிக்கல. தவழ்ந்து போனேன். அவளுக்கு முகம் இல்ல. கை மட்டும் பேசிச்சு. ஓடு, ஓடுன்னுச்சு. அப்புறம் பேசல."

பெக் உட்கார்ந்துவிட்டார்.

ஜூரி டுவேய்னைக் குற்றவாளி என்றது. ஆயுள் முழுக்கச் சிறை. ஆர்லோ சிரிக்கவில்லை. வெளியே வந்து பனியில் வாந்தி எடுத்தான்.

பிறகு சனிக்கிழமைகளில் ரெனாட்டாவின் ஊருக்குப் பஸ்ஸில் போய், அங்கே காது கேளாதவர்கள் கூடும் இடத்தில் சைகை மொழி கற்றுக்கொண்டான். சீட்டாட்டத்தில் ஒருவன் மூக்கை உடைத்து ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டான்; திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். ஆலையில் என் எதிரேதான் நின்றான், ஒரு காலைத் தாங்கித் தாங்கி.

சில வருஷம் கழித்து டுவேய்னைச் சிறையில் யாரோ குத்திக் கொன்றார்கள். அதற்குள் அவன் சைகைகள் எனக்கும் நன்றாகப் பழகியிருந்தன; செய்தியை நான்தான் ஆர்லோவிடம் சொன்னேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். எங்கே குத்தினார்கள், எத்தனை குத்து, உடனே செத்தானா, கிடந்து செத்தானா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். விடவில்லை, தோளைப் பிடித்து உலுக்கித் திரும்பத் திரும்பக் கேட்டான். எங்கள் இருவருக்கும் நடுவே பன்றிகள் வெட்டப்படாமல் நகர்ந்துகொண்டிருந்தன. மேஸ்திரி ஓடி வந்து கொக்கிச் சங்கிலியை நிறுத்தினார்.